ஜூன் 1க்கு முன்னாடி எல்லாத்தையும் வாங்கோணுமா?

தமிழ்நாட்டு எல்லைய ஒட்டி கேரளாவுல இருக்கற வேலந்தாவளம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க, அதனால போடல. அவங்க எழுதினதோட சுருக்கம் இதுதான்:

"டீச்சர், பொண்ணு 6ம் கிளாஸ், பையன் 3ம் கிளாஸ் போகப் போறாங்க. ரெண்டு பேரும் இங்கயே கவர்மெண்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம். வீட்டுக்காரர் காய்கறி மார்க்கெட்ல லோடு எறக்கறார், நான் கயித்துக் கம்பெனிக்குப் போறேன். போன வருசம் ஸ்கூல் தொறக்கறப்ப 7,400 ரூபா செலவாச்சு. பேக் ரெண்டு 1,700, குடை ரெண்டு 900, நோட்டு 24க்கு 1,320, பாக்ஸ் பேனா பென்சில் கலர் எல்லாம் 640, செருப்பு ஷூ 1,100, தையல்கூலி 1,200, தண்ணி பாட்டில் டிபன் பாக்ஸ் 540. இதுல 5,000 நூத்துக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கினது, ஓணத்துக்குத்தான் அடைச்சோம். தமிழ்நாட்டுப் பக்கம் சாவடியில இருக்கற எங்கக்கா புள்ளைகளுக்கு பேக்குல இருந்து நோட்டு வரைக்கும் ஸ்கூல்லயே தர்றாங்க, நாங்க இந்தப் பக்கம் இருக்கறதால எங்களுக்கு ஒண்ணுமே இல்லையா? இன்னொண்ணு, சாயங்காலம் எங்க லைன் வீட்டுப் புள்ளைக 11 பேருக்கு நான் பாடம் சொல்லித் தர்றேன், காசு வாங்கறதில்ல. சார்ட், போர்டு, எழுத்து அட்டை எல்லாம் கடையில கேட்டா வெல ஜாஸ்தி. எங்க சல்லிசா கெடைக்கும்? பையன் வேற கார்ட்டூன் படம் போட்ட பேக்குதான் வேணும்னு இப்பவே அழுகறான்."

அம்மிணி, எந்தப் பொருளுக்கு எவ்வளவுன்னு இப்படி கணக்கா எழுதி அனுப்பினீங்க பாருங்க, அதுக்கே ஒங்கள பாராட்டோணும். முப்பது வருசம் இந்த பாலக்காட்டு சித்தூர் தாலூக்காவுல எல்.பி. ஸ்கூல்ல, அதாவது ஆரம்பப் பள்ளியில, இருந்து ரிட்டயர் ஆனவ நான், ஜூன் மாசம் வந்து "டீச்சர் கையில காசே நிக்கலைங்க"ன்னு சொன்ன அம்மாமாரு நூத்துக்கணக்குல இருப்பாங்க, ஆனா எங்க போச்சுன்னு எழுதி வெச்சவங்க ரொம்பக் கம்மி.

ஒங்க கணக்குல ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு. வட்டி. 5,000க்கு மாசம் 250, ஜூன் ஜூலை ஆகஸ்ட்னு மூணு மாசத்துக்கு 750 ரூபா. பாக்ஸ் பேனா பென்சில் கலர் அத்தனைக்கும் சேத்து நீங்க குடுத்த 640ஐ விட இது ஜாஸ்தி. ஒரு பென்சில் கூட வராத செலவு இது, ஜூன் 1ம் தேதி காலையில எல்லாமே புதுசா கையில இருக்கோணும்ங்கற அவசரத்துக்குக் குடுத்த காசு. அந்த அவசரத்த எறக்கி வெச்சாலே ஒங்களுக்கு பாதி பாரம் கொறையும்னு நான் நெனைக்கறேன், அதனால கடை எங்கங்கறதுக்கு முன்னாடி எப்ப வாங்கறதுன்னு பேசிக்கலாம்.

ஸ்கூல் தொறக்கற அன்னைக்கு பிரவேசனோத்சவம், பலூன் கட்டுவாங்க, பாயசம் குடுப்பாங்க, மொத வாரம் முழுக்க புத்தகம் குடுக்கறதும் டைம்டேபிள் போடறதுமாவே போயிரும். ஒரு டீச்சரா சொல்றேன், மொத வாரத்துல ஒரு புள்ளைக்கு ரெண்டு நோட்டும் ஒரு பென்சிலும் ரப்பரும் இருந்தா போதும். எந்த சப்ஜெக்டுக்கு எந்த நோட்டு, கோடு போட்டதா போடாததா, சின்னதா பெருசா, இதெல்லாம் அந்தந்த டீச்சர் வந்து சொன்ன பொறகுதான் தெரியும். முன்னாடியே 24 வாங்கி வெச்சுட்டு, பொறகு மலையாளத்துக்கு ரெட்டைக் கோடு கேட்டாங்க, இங்கிலீஷுக்கு நாலு கோடு கேட்டாங்க, கணக்குக்கு கட்டம் போட்டது கேட்டாங்கன்னு மறுபடியும் கடைக்கு ஓடின வீடுக எத்தனையோ. ஓணப் பரீட்சை வரைக்கும் என்ன வேணுமோ அத மட்டும் வாங்குங்க. 6ம் கிளாஸுக்கு எட்டு, 3ம் கிளாஸுக்கு அஞ்சு, ஆக 13 நோட்டு. மிச்சம் ஓணம் லீவு முடிஞ்சு வாங்கிக்கலாம், அப்ப கடையில கூட்டமும் இருக்காது, எந்த நோட்டு நெறைஞ்சிருக்கு எது சும்மா கெடக்குதுன்னும் தெரிஞ்சிருக்கும்.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு, இது என் மனசுக்கு ரொம்பப் புடிச்ச வேலை. போன வருசத்து 24 நோட்டையும் எடுத்து தரையில பரப்புங்க, எடைக்குப் போட்டிருக்காட்டி. ஒவ்வொண்ணுலயும் கடைசியில எழுதாத பக்கம் எத்தனைன்னு பாருங்க. ஹிந்தி நோட்டுலயும் ட்ராயிங் நோட்டுலயும் பாதிக்கு மேல வெள்ளையாவே இருக்கும். நடுப் பின்ன கழட்டி அந்தத் தாளுகள ஜோடி பிரியாம எடுங்க, ஒரே சைஸா இருவது முப்பது தாள் சேத்து நடுவுல மடிச்சு, கோணி ஊசியில மூணு ஓட்டை போட்டு கெட்டி நூல்ல தெச்சுருங்க. நடு ஓட்டையில உள்ள இருந்து வெளிய வந்து, மேல் ஓட்டை, கீழ் ஓட்டைன்னு சுத்தி மறுபடியும் நடுவுக்கே வந்து முடிச்சுப் போட்டா ஒரு வருசம் தாங்கும். அட்டைக்கு பழைய மாசக் காலண்டர். இத நீங்க பண்ணாதீங்க, பொண்ணையும் பையனையும் பண்ண வைங்க, ஏன்னா தான் தெச்ச நோட்ட எந்தப் புள்ளையும் கிழிக்கறதில்ல, இத நான் கிளாஸ்ல வருசா வருசம் பாத்துருக்கேன். ஏப்ரல் மே லீவுல ரெண்டு மத்தியானம் உக்காந்தா ரஃப் நோட்டுக்குன்னு காசே செலவில்ல.

புது நோட்டு வாங்கறப்ப அட்டையில இருக்கற படத்த பாக்காதீங்க, பக்கத்த பாருங்க. 40 ரூபாக்கு 120 பக்கம்னா ஒரு பக்கம் 33 பைசா, 55 ரூபாக்கு 192 பக்கம்னா 29 பைசாவுக்கும் கீழ, கையில தூக்கறப்ப மொதலுது சல்லிசு மாதிரி இருக்கும், கணக்குப் போட்டா ரெண்டாவதுதான் சல்லிசு. பக்க எண்ணிக்கை போட்டிருக்கற எடத்துல பொடி எழுத்துல இண்டெக்ஸ், அச்சடிச்ச பக்கம் எல்லாம் சேத்துன்னு இருக்கும், அதையும் படிச்சுக்கோங்க. தாள் ரொம்ப மெல்லிசா இருந்தா பேனாவுல எழுதறது பின்பக்கம் தெரியும், அப்பறம் புள்ளைக ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம்தான் எழுதும், பாதி நோட்டு வீணு. அதனால கடையிலயே ஒரு ஓரத்துல பேனாவுல ஒரு கோடு போட்டுப் பாக்கறேன்னு கேளுங்க, நல்ல கடைக்காரர் வேண்டாம்னு சொல்ல மாட்டார். 3ம் கிளாஸ் பையன் பென்சில்லதான எழுதப் போறான், அவனுக்கு சாதாரண தாளே போதும், நல்ல தாள பொண்ணுக்கு வெச்சுக்கோங்க.

வரி விசயமும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான், மேப், சார்ட், குளோப் இதுக்கெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது, முன்னாடி நோட்டுக்கும் பென்சிலுக்கும் 12 சதவீதம் இருந்துச்சு. ஜியாமெட்ரி பாக்ஸுக்கு 12ல இருந்து 5 ஆச்சு. மொத்தமா வாங்கறப்ப பில்லு கேட்டு வாங்கி, நோட்டுக்கு நேரா வரின்னு ஏதாவது போட்டிருக்கான்னு பாத்து, இருந்தா தன்மையா கேளுங்க.

இனி கடை. கேரளாவுல கன்ஸ்யூமர்ஃபெட்ங்கற கூட்டுறவு அமைப்பு வருசா வருசம் ஸ்கூல் சீசனுக்கு ஸ்டூடண்ட் மார்க்கெட் போடும், திரிவேணி நோட்டு அவங்களோடதுதான், வெளிக்கடைய விட கொறச்சுத்தான் இருக்கும், பேக்கு குடையும் வெப்பாங்க. நம்ம பக்கத்து சர்வீஸ் கோஆப்பரேட்டிவ் பேங்குகளும் சில வருசம் எடுத்து நடத்தும், மே மாசம் ஆரம்பத்துலயே விசாரிச்சு வைங்க. அந்தப் பக்கம் போறதுன்னா கோயமுத்தூர். டவுன்ஹால் சுத்தி பெரியகடை வீதி, ரங்கே கவுடர் வீதியில மொத்தக் கடைக இருக்கு, சிவகாசி நோட்டு டஜன் கணக்குல கெடைக்கும். அங்க ஒரு ஆளா போனா பஸ் காசும் ஒரு நாள் கூலியும் சேந்து லாபமெல்லாம் போயிரும், அதனால தனியா போகாதீங்க. நீங்க குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துல, அதாவது நம்ம கேரளா பொம்பளைங்க சுய உதவிக் குழுவுல, இருக்கீங்களா? இருந்தா அடுத்த கூட்டத்துல பேசுங்க. பத்து பன்னெண்டு வீடு சேந்தா நூத்தம்பது நோட்டு வரைக்கும் வரும், அத வாங்க ரெண்டு பேர் போனா போதும், சாவடி வரைக்கும் வந்துட்டீங்கன்னா அங்கிருந்து தமிழ்நாடு அரசு சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்குக் காசும் இல்ல. மொத்தக் கடைக்காரர்கிட்ட "இத்தன டஜன் வேணும், கோடு போட்டது இத்தன, போடாதது இத்தன"ன்னு எழுதிக் குடுத்துக் கேட்டா அவரு பேசற வெலையே வேற. நூத்துக்கு அஞ்சு வட்டிக்குப் பதிலா அயல்கூட்டத்துச் சேமிப்புல இருந்து சின்னக் கடன் எடுக்கறதப் பத்தியும் அங்கயே கேளுங்க, குடும்பஸ்ரீ 1998ல ஆரம்பிச்சதே வறுமையில மாட்டற குடும்பங்களுக்காகத்தான. உக்கடத்துல பழைய புத்தகக் கடைக இருக்கு, டிக்‌ஷ்னரி, அட்லஸ், கிராமர் புத்தகம் இதெல்லாம் அங்க பாதிக்கும் கீழ. அட்லஸ் மட்டும் ரொம்பப் பழசா எடுத்துராதீங்க, 2014ல வந்த தெலங்கானா அதுல இருக்கான்னு பாத்து எடுங்க.

பேக்கு, குடை. ரெண்டும் சேந்து 2,600, ஒங்க செலவுல மூணுல ஒரு பங்குக்கு மேல இதுதான். பேக்கு வருசா வருசம் மாத்தற பொருளே இல்ல. பொதுவா ஜிப்புதான் மொதல்ல போகும், ஜிப்பு போறதுன்னா பாதி நேரம் அந்த ரன்னர் மட்டும்தான் தேஞ்சிருக்கும், செருப்பு தெக்கறவர்கிட்ட குடுத்தா ரன்னர் மட்டும் மாத்திக் குடுப்பார். வார் பிஞ்சா அவரே தெச்சும் குடுப்பார். புதுசு வாங்கியே ஆகோணும்னா வார் பேக்கோட சேர்ற எடத்துல பெட்டி மாதிரி குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டிருக்கான்னு பாருங்க, அங்க ஒத்தத் தையல் இருந்தா எவ்வளவு அழகா இருந்தாலும் எடுக்காதீங்க. ரொம்பப் பெருசாவும் வேண்டாம். 2020ல வந்த ஸ்கூல் பேக் பாலிசிப்படி பேக்கோட எடை புள்ளையோட எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது, 25 கிலோ பையனுக்கு ரெண்டரைக் கிலோதான். நம்ம கேரளா புத்தகமெல்லாம் பாகம் பாகமாத்தான் வருது, பெரிய பேக்கு வாங்கினா அத நெறைக்கத்தான் தோணும்.

குடையப் பத்தி நம்ம பக்கத்து ஆளா ஒண்ணு சொல்றேன். கேரளான்னா ஜூன் மழைன்னு டிவியில குடை விளம்பரமா போட்டுத் தள்ளுவாங்க, ஆனா வடகரப்பதி எருத்தேம்பதி எல்லாம் மழை மறைவுப் பிரதேசம், நம்மளுக்கு ஜூன் ஜூலையில மழைய விட பாலக்காட்டுக் கணவாய்க் காத்துதான் ஜாஸ்தி. அந்தக் காத்துக்கு மூணு மடிப்பு குடை ஒரே நாள்ல திரும்பிக்கும். மடக்காத கம்பிக் குடை, இல்லாட்டி சாதாரண ரெயின்கோட்டு, அது போதும். செருப்பு விசயத்துல ஸ்கூல்ல ஷூ கண்டிப்பா வேணுமான்னு கேட்டுட்டு வாங்குங்க, பெரும்பாலும் பின்வார் வெச்ச செருப்பே போதும்னுதான் சொல்லுவாங்க.

ஒங்கக்கா வீட்டு விசயம். தமிழ்நாட்டுல கவர்மெண்ட் ஸ்கூல், எய்டட் ஸ்கூல் புள்ளைகளுக்கு புத்தகம், நோட்டு, பேக்கு, ஜியாமெட்ரி பாக்ஸ், கிரேயான், செருப்புன்னு நெறையா தர்றாங்க, உண்மைதான், நல்ல திட்டம்தான். ஆனா அது அங்க படிக்கற புள்ளைகளுக்கு. அதுக்காக புள்ளைகள அங்க மாத்தறதா யோசிச்சீங்கன்னா, பேக்குக்காக மட்டும் மாத்தாதீங்க, தெனமும் போய்ட்டு வர்ற பஸ்ஸும் நேரமும் ஒண்ணா படிச்ச கூட்டும் பேக்க விட பெருசு. இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லைங்கறதும் சரியில்ல. இங்க கவர்மெண்ட், எய்டட் ஸ்கூல்ல 8ம் கிளாஸ் வரைக்கும் பாடப் புத்தகம் இலவசம், தமிழ் மீடியத்துக்கு தமிழ்லயே அச்சடிச்சு வருது. யூனிஃபார்முக்கு கைத்தறித் துணித் திட்டம் இருக்கு, ஒங்க ஸ்கூல்ல எந்தக் கிளாஸுக்குத் துணியா வருது, எதுக்குக் காசா வருதுன்னு ஹெச்.எம். கிட்ட மே மாசமே நேரா கேளுங்க, வர்றதுக்கு முன்னாடியே வெளிய ஒரு செட்டு எடுத்துட்டு அப்பறம் வருத்தப்படற வீடு நெறையா. தையல்கூலி 1,200 குடுத்திருக்கீங்களே, துணி தெக்கக் குடுக்கறப்ப பாவாடையிலயும் பேண்ட்டுலயும் கீழ் மடிப்பு மூணு விரக்கட விடச் சொல்லுங்க, அடுத்த வருசம் பிரிச்சு எறக்கிக்கலாம். எஸ்.சி. புள்ளைகளுக்கு ஸ்கூல் மூலமா லம்ப்சம் கிராண்ட்னு ஒரு மொத்தத் தொகை உதவி உண்டு, பஞ்சாயத்துல படிக்கற மேசை நாற்காலி குடுக்கற திட்டமும் போடுவாங்க, அது ஒங்களுக்குப் பொருந்துமான்னு நீங்கதான் பாக்கோணும், ஒங்க 11 புள்ளைகள்ல யாருக்காவது பொருந்தினா அவங்க அம்மாகிட்ட சொல்லிருங்க. வீட்டுக்காரர் சுமட்டுத் தொழிலாளி க்ஷேமநிதியில, அதாவது சுமை தூக்கறவங்க நல நிதியில, சேந்திருக்காரா? சேந்திருந்தா புள்ளைக படிப்புக்கு என்ன உதவி இருக்குன்னு அந்த ஆபீஸ்ல கேக்கச் சொல்லுங்க. கேக்கறதுக்குக் கூச்சப்படக் கூடாது அம்மிணி, இது தர்மம் இல்ல, புள்ளைகளுக்கு உள்ளது.

இப்ப ஒங்க சாயங்கால கிளாஸ். இதப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு, கம்பெனியில எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து 11 புள்ளைகளுக்குப் பாடம்.

என் வாழ்க்கையில நான் பண்ணின தப்பு ஒண்ணச் சொல்லோணும். வேலைக்குச் சேந்து அஞ்சாறு வருசம் இருக்கும், 4ம் கிளாஸ் புள்ளைகள நாளைக்கு ஆளுக்கு ஒரு கலர் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டேன். ஒரு பொண்ணு ரெண்டு நாளா வரல. மூணாம் நாள் சார்ட்டோட வந்தா, வெரல் நகத்துக்குள்ளெல்லாம் கறுப்புக் கறை. என்னன்னு கேட்டா, அவங்கப்பத்தாவோட தக்காளி மார்க்கெட்ல தக்காளி பொறுக்கப் போயி அந்தக் காசுல சார்ட் வாங்கியிருக்கா. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அதுக்கப்பறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் எந்தப் புள்ளைகிட்டயும் கடையில வாங்கிட்டு வான்னு ஒரு பொருளும் நான் கேட்டதில்ல. அதனால நீங்க சார்ட் சல்லிசா எங்க கெடைக்கும்னு கேட்டதுக்கு என் பதில், சார்ட் வாங்காதீங்க.

எழுத்து அட்டைக்கு கல்யாணப் பத்திரிகை. நம்மூர்ல வைகாசி ஆவணின்னு வீட்டுக்கு வீடு பத்திரிகை வந்து குமியுது, கெட்டியான அட்டை, ஒரு பக்கம் வெள்ளை. நாலா வெட்டினா ஒரு பத்திரிகையில நாலு அட்டை. ஒரு பக்கம் தமிழ் எழுத்து, மறுபக்கம் அதே ஒலிக்கான மலையாள எழுத்துன்னு எழுதி வைங்க, நம்ம புள்ளைகளுக்கு ரெண்டும் சேந்தாப்புல வேணும்ல, தமிழ் நல்லா தெரிஞ்ச புள்ளைக்கு மலையாளமும் மலையாளம் தெரிஞ்சதுக்குத் தமிழும் வெளையாட்டாவே ஏறும். நம்பர் அட்டைக்கு தெனசரி காலண்டர், அதுல 1ல இருந்து 31 வரைக்கும் பெரிய எழுத்துல அச்சடிச்சே இருக்குதே, ஒரு வருசத்து காலண்டர்ல 1ல இருந்து 28 வரைக்கும் முழுசா 12 செட்டு, ஒங்க 11 புள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்து ஒண்ணு மிச்சம். சார்ட்டுக்கு மாசக் காலண்டரோட பின்பக்கம்.

கணக்குக்கு சீமாத்துக் குச்சி. தென்ன ஈர்க்க ஒரே நீளத்துல வெட்டி, பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க. 34ன்னா மூணு கட்டு நாலு குச்சி. 34ல இருந்து 18 போகோணும்னா, நாலுல இருந்து எட்டு போகாது, அப்ப ஒரு கட்டப் பிரிக்கோணும். "பக்கத்துல கடன் வாங்கு"ன்னு நாம வாயில சொல்லித் தர்றது புள்ளைக்கு மந்திரம் மாதிரி, கட்ட கையால பிரிச்சதும் அந்தக் கடன் என்னன்னு அதுக்கே வெளங்கும். இந்த ஒரு விசயத்துக்காக மட்டும் ரெண்டு நாள் செலவு பண்ணுங்க, 3ம் கிளாஸ் புள்ளைக பாதிக்கு மேல தடுக்கி விழறது இங்கதான். எண்ணறதுக்கு புளியங்கொட்டை, பனங்கொட்டை, கூழாங்கல் எல்லாம் நல்லது, ஆனா அழகா இருக்குதேன்னு குன்றிமணியையும் ஆமணக்குக் கொட்டையையும் தயவு செஞ்சு சேக்காதீங்க, ரெண்டும் விஷம், சின்னப் புள்ளைக கடிச்சு முழுங்கினா உசிருக்கே ஆபத்து.

சைக்கிள் கடையில வால்வு ட்யூப்னு மெல்லிசா ஒரு ரப்பர் ட்யூப் விப்பாங்க. அத சின்னச் சின்னதா வெட்டி ஈர்க்குச்சிய மாட்டினா முக்கோணம், சதுரம், கூம்பு எல்லாம் கட்டலாம். இது அரவிந்த் குப்தாங்கறவர் தீக்குச்சிய வெச்சு நாடு முழுக்கப் பழக்கின முறை, குப்பையில இருந்து அறிவியல் பொம்மை செய்யறதுதான் அவரு வாழ்க்கை வேலையே, 2018ல அவருக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க, அவரோட வெப்சைட்ல எல்லாமே இலவசமா பாக்கலாம். புள்ளைகள முக்கோணம் ஒண்ணு சதுரம் ஒண்ணு கட்டச் சொல்லி ரெண்டையும் அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க. சதுரம் சாஞ்சுரும், முக்கோணம் அசையாது. அப்பறம் வெளிய கூட்டிட்டுப் போயி செல்போன் டவரக் காட்டுங்க, எதுக்கு அதுல அத்தன முக்கோணம்னு அதுகளே சொல்லும். அரை லிட்டர் பால் கவர், ஒரு கிலோ உப்புப் பாக்கெட், பஸ் டிக்கெட்டு, ரேஷன் பில்லு, இதெல்லாம் அளவையும் கூட்டல் கழித்தலும் சொல்லித் தரத்தான வீட்டுல கெடக்குது.

போர்டுக்கு ஒரு ப்ளைவுட் துண்டும் ஒரு சின்ன டப்பா ப்ளாக்போர்டு பெயிண்டும். ஹார்டுவேர் கடையில கெடைக்கும், ரெண்டு கோட்டு அடிச்சு நல்லா காய விட்டா முடிஞ்சுது. புள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிலேட்டு இருந்தா நோட்டுச் செலவே பாதி கொறையும், வீட்டு அட்டாலியில யாரோடதாவது பழசு கெடக்கும், வெளுத்துப் போயிருந்தா எங்க காலத்துல கோவைக்கொடி இலையும் அடுப்புக் கரியும் சேத்து அரைச்சுத் தேப்போம், மறுபடியும் கருகருன்னு ஆயிரும். ஒரு விசயம் கவனிங்க, எந்தப் புள்ளையாவது சிலேட்டுக் குச்சியையோ சாக்பீஸையோ தொடர்ந்து திங்குதுன்னா திட்டாதீங்க, ரத்தசோகை இருக்கலாம், ஹெல்த் சென்டர்ல காட்டச் சொல்லுங்க.

படிக்கறதுக்குக் கதைப் புத்தகம் வேணும், நம்ம பக்கத்துப் புள்ளைகளுக்கு பாடப் புத்தகத்துக்கு வெளிய தமிழ் படிக்கக் கெடைக்கறதே இல்லைங்கறதுதான் என்னோட பெரிய கவலை. ஒங்கக்கா வீட்டுல முடிஞ்சு போன பருவத்துப் பழைய தமிழ்ப் புத்தகத்த எடைக்குப் போடாம வாங்கிட்டு வாங்க, தமிழ்நாட்டுல சின்னக் கிளாஸுக்கெல்லாம் மூணு பருவமா வர்றதால மெல்லிசா படம் நெறையா இருக்கும். ஃபோன்ல பார்க்கறதுன்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல தமிழ், மலையாளம் ரெண்டுலயும் படக்கதை இலவசம், டவுன்லோடு பண்ணி பிரிண்டும் எடுத்துக்கலாம், அனுமதியோடதான் போட்டிருக்காங்க. பக்கத்துல கிரந்தசாலை, அதாவது லைப்ரரி, எங்க இருக்குன்னு விசாரிங்க. ஜூன் 19 வாசிப்பு நாள், கேரளாவுல லைப்ரரி இயக்கத்த வளத்த பி.என். பணிக்கர் நெனைவா கொண்டாடறது, அந்த வாரம் லைப்ரரிக்காரங்க புள்ளைகளத் தேடிட்டு இருப்பாங்க, 11 பேரையும் கூட்டிட்டுப் போயி நில்லுங்க. தமிழ்ப் புத்தகம் வாங்கி வைங்கன்னு அங்கயே எழுதிக் குடுங்க.

பஞ்சாயத்துக்கும் ஒரு மனு போடுங்க. காசு கேக்காதீங்க, எடம் கேளுங்க, ஒரு லைட்டு, ரெண்டு பாய், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அங்கன்வாடியோ வேற ஏதாவது பொதுக் கட்டடமோ. மலையாளத்துல எழுதத் தெரியாதேன்னு தயங்க வேண்டாம், 1969ல வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டத்துலயே தமிழ்ச் சிறுபான்மை இருக்கற எடத்துல அரசு ஆபீஸுக்கு தமிழ்லயே எழுதலாம்னு இருக்கு, நம்ம சித்தூர் தாலூக்கா அதுல வரும். நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஏ.இ.ஓ.ங்கற உதவிக் கல்வி அதிகாரி ஆபீஸுக்கு தமிழ்லதான் எழுதினேன். யாராவது உதவி பண்ண வந்து, புள்ளைகள வரிசையா நிக்க வெச்சு நோட்ட கையில குடுத்து போட்டோ எடுக்கோணும்னா, பொருள ஒங்க கையில குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. அதுக்கு சம்மதிக்காட்டி அந்த நோட்டு நம்மளுக்கு வேண்டாம். அந்தப் புள்ளைக நாளைக்கு வளந்து அந்தப் போட்டோவப் பாக்கும்.

கடைசியா பையன். கார்ட்டூன் பேக்கு அழகுதான், அவன் ஆசைப்படறதுல தப்பே இல்ல, எட்டு வயசுல ஆசைப்படாம எப்ப ஆசைப்படறது. ஆனா ஒங்க பழைய பேக்கு ஜிப்பு மாத்தினா இன்னும் ஒரு வருசம் ஓடும்னா அதயே ஓட்டுங்க. அவன வீட்டுல விட்டுட்டுப் போயி வாங்கிட்டு வராதீங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, அவன் கையில ஒரு சின்னத் தொகை, அம்பதோ என்னவோ ஒங்களால முடிஞ்சது குடுத்து, இது ஒன்னோடது, நீயே எடுன்னு சொல்லுங்க. அதே கார்ட்டூன் படம் போட்ட நேம் ஸ்லிப்பு ஷீட்டு அங்க தொங்கிட்டு இருக்கும், அதக் கண்ணுல படற மாதிரி காட்டுங்க. வீட்டுக்கு வந்து எந்த நோட்டுல எந்தப் படத்த ஒட்டறதுன்னு அவனே முடிவு பண்ணட்டும், லீவுல அவன் தெச்ச அந்த ரஃப் நோட்டுக்கும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க.